பக்கத்துக் கடைக்காரியின் புருவம்

எனக்குக் கோபம் சட்டென்று மூக்குக்கு மேல் வந்துவிடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் எங்கெல்லாம் பொறுமையாக இருந்ததாக எழுதுகிறேனோ, அங்கெல்லாம் என் குணத்தோடு மல்லுக்கட்டித்தான் அப்படி இருந்தேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவளாகத்துக்குள் என் கடை இருக்கிறது. கடை என்றால் இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. பெண்களுக்குப் புருவம் திருத்துவது என் தொழில். பலகையில் 'த்ரெட்டிங்' என்று போட்டிருக்கும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கைகளிலும் முறுக்கிப் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்து விரிந்து மூடினால் முடி வேரோடு வரும். வேலை நேரத்தில் வாயில் நூல் இருக்கும், பேச முடியாது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, இவளுக்கு இந்தத் தொழில் அமைந்தது ஆண்டவன் செயல் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கடையில் ஒருத்தி ரவிக்கை தைக்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்து இங்கே வந்தவள். என்னைவிடச் சின்னவள், அதனால் நான் அக்கா. அவளுடைய தையல் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே அவளுக்கு வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன். மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். மாதம் ஒருமுறை, காலையில் கூட்டம் வருவதற்கு முன், என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்வாள். வலித்தால் என்னைக் கண்டபடி திட்டுவாள். என் வாயில் நூல் இருக்கிறது, பதில் வராது என்கிற தைரியம் அவளுக்கு.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் அது நடந்தது. அவளுடைய கணவர் ஒரு நிறுவனத்தில் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. மனைவியின் கடைக்குத் துணி மூட்டை கொண்டுவர, நண்பர் ஒருவரின் வேனை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நான் காப்பிக்கடையிலிருந்து எனக்கும் அவளுக்கும் 'தே', அதாவது பால் டீ, வாங்கிக்கொண்டு, கயிறு கட்டிய அந்தப் பிளாஸ்டிக் பைகளை விரலில் தொங்கவிட்டபடி பின்சந்து வழியாக வந்தேன். வேன் ரிவர்ஸில் என் பக்கமாக வந்தது. நான் ஒதுங்கினேன். அது இன்னும் பின்னால் வந்தது. கையை நீட்டி வண்டியைத் தட்டினேன். அடுத்த நொடி என் வலது கை, வேனுக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவில் இருந்தது.

வலியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. சூடான தே என் காலில் ஊற்றியது நன்றாக நினைவிருக்கிறது. அவர் இறங்கி ஓடிவந்து, என் கையைப் பார்த்துவிட்டு, நடுச்சந்தில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, பாக்கலக்கா... சத்தியமா பாக்கலக்கா" என்று அழுதார். கை நசுங்கியவள் நான், ஆறுதல் சொன்னவளும் நான்தான். "ஒண்ணுமில்ல தம்பி, எழுந்திரிங்க, டாக்சி கூப்பிடுங்க" என்றேன்.

கட்டைவிரல் எலும்பு உடைந்து, அடியில் இருக்கும் தசைநார் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு கூடியது. ஆனால் விரல் பழையபடி இறுகவில்லை. சாவியைத் திருப்பினால் நழுவும். நூலைப் பிடித்தால், முறுக்கு விழும் முன்பே விரல் தளர்ந்துவிடும். தசைநாரை இன்னொரு முறை சரிசெய்யலாம், ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் வேலை செய்யக் கூடாது என்றார் மருத்துவமனை டாக்டர். கடை வாடகை யார் கொடுப்பது? பிள்ளைகள் இல்லை, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உட்லண்ட்ஸில் மூன்றறை வீட்டில் நான் தனி ஆள். எனக்கு இருந்த சொத்து அந்தக் கட்டைவிரல்தான்.

வண்டி மோதினால் வண்டியின் இன்ஷூரன்ஸ் கொடுக்கும், அதற்குத்தானே அது இருக்கிறது என்று நினைத்தேன். போலீஸ் விசாரித்தபோதுதான் தெரிந்தது. வேனின் சொந்தக்காரர் கேட்டரிங் நடத்தி நொடித்துப்போனவர். இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமலே வண்டியைக் கையில் வைத்திருந்தார். 'சாவி இந்தா, ஓட்டிக்கோ' என்று கொடுத்தவர் அதை மட்டும் சொல்லவில்லை. நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் வண்டி கொடுக்கும்போது யார்தான் இன்ஷூரன்ஸ் கேட்கிறோம்? பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்போம். அதற்குப் பலன், தம்பிக்கு அபராதம், வண்டி ஓட்டத் தடை. ஓட்டுநர் வேலை போனது. சாங்கியில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கப் போனார்.

எங்கள் வளாகத்துக்கு எதிரே மாடியில் ஒரு லாயர் இருக்கிறார். என் வாடிக்கையாளர், இளம் வயது, படபடவென்று பேசுவார். அவரிடம் போனேன்.

"ஆண்ட்டி, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி இடிச்சா அதுக்கும் ஒரு வழி இருக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனி எல்லாம் சேர்ந்து ஒரு ஃபண்ட் வச்சிருக்காங்க. அவங்ககிட்ட கேக்கலாம். முதல்ல லெட்டர் போடுறேன். பேசியே முடிஞ்சா கோர்ட்டுக்குப் போகத் தேவையில்ல."

"கோர்ட்டுக்குப் போனா?"

"போனா, டிரைவர் மேலதான் கேஸ் போடணும். அவர் மேல தீர்ப்பு வந்தாத்தான் ஃபண்ட் கொடுக்கும். சட்டம் அப்படி ஆண்ட்டி."

நான் கடைக்குத் திரும்பி, பக்கத்துக் கடைக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"கேஸு கீஸுன்னு போவீங்களாக்கா? ஏற்கனவே அவரு ராத்திரி தூங்குறதில்ல."

"போடி பைத்தியக்காரி. உன் வீட்டுக்காரர் மேல நான் கேஸ் போடுவேனா? மாட்டேன். போதுமா?" என்றேன். யோசிக்காமல் சொன்னேன், மனதாரச் சொன்னேன்.

அந்த ஃபண்டை நடத்தும் அமைப்பு என்னை ஒரு டாக்டரிடம் அனுப்பியது. அவர்கள் தரப்பில் என் கையைப் பரிசோதிக்கும் டாக்டர். இங்கேதான் நான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் தலை வாரி, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போவோம். காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தாலும் "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்போம். ஒருவர் முன்னால் போய்ப் பரிதாபமாக உட்காருவது கேவலம் என்று எங்கோ ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதிலும் இது பரீட்சை. பரீட்சை என்றால் நன்றாகச் செய்ய வேண்டாமா? நான் ஒரு வாரமாக வீட்டில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு பிசைந்து பிசைந்து பயிற்சி எடுத்தேன். அன்று காலை, டாக்டர் முன்னால் முகம் சுளிக்கக் கூடாதே என்று, வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன்.

நகரத்தின் நடுவில் குளுகுளுவென்று ஓர் அறை. டாக்டர் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். இரண்டு விரலால் இன்னொன்றைக் கிள்ளுவதுபோல் பிடிக்கச் சொன்னார். என் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பிடித்தேன். முள் எங்கோ ஏறியது. "வெரி குட், ஆண்ட்டி!" என்றார் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தேங்க் யூ டாக்டர்" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் பக்கத்துக் கடைக்காரிக்குப் பிடித்த கறிபஃப் கூட வாங்கிக்கொண்டு போனேன்.

சில வாரம் கழித்து லாயர் கூப்பிட்டார். மேசைமேல் இருந்த அறிக்கையைப் படித்துச் சொன்னார். விரலின் பலம் ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிட்டது, இன்னொரு அறுவை சிகிச்சை தேவையில்லை, தொழிலுக்கும் பாதகமில்லை. அதை வைத்து அந்த அமைப்பு ஏதோ கொஞ்சம் தருவதாகச் சொல்லியிருந்தது. முதல் சிகிச்சைச் செலவுக்கே அது காணாது.

"என்ன செஞ்சீங்க ஆண்ட்டி அங்க?"

சொன்னேன். துண்டைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ ஆண்ட்டி! நீங்க என்ன வேலைக்கு இன்டர்வியூவா போனீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. நடிக்கத் தேவையில்லை, இருக்கிற வலியை இருக்கிறபடி காட்டியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்கு எழுதி எழுதிப் பார்த்தார் லாயர். அவர்கள் அசையவில்லை. கடைசியில், வழக்குப் போடுவதற்கான காலக்கெடு நெருங்குகிறது, இனி கோர்ட்டை விட்டால் வழியில்லை என்றார்.

அன்று மாலை அவளிடம் சொன்னேன். அவள் ஒரு நீல நிற ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"மாட்டேன்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன்டி. அப்ப சொன்னேன். இப்ப எனக்கு வேற வழி இல்ல. பணம் தரப்போறது அந்த ஃபண்டுதான். பேருக்குத்தான் உன் வீட்டுக்காரர்."

"பேருக்குன்னா? பேரு யாருது? பின்னாடி அவங்க அவருகிட்ட கேக்க மாட்டாங்களா?"

கேட்கலாம். லாயர் அதையும் சொல்லியிருந்தார். நான் பொய் சொல்லவில்லை. "கேக்கலாம்" என்றேன். அவள் விளக்கை அணைத்துவிட்டு, கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து பேச்சு நின்றது.

வளாகத்தில் மற்றவர்களுக்கு வாய் வலிக்கவில்லை. வீட்டையே எடுத்துக்கொள்வார்களாம் என்று ஒருத்தி பரப்பினாள். அப்படியெல்லாம் வீட்டில் கைவைக்க முடியாது என்று லாயர் சொன்னதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? கேட்க வேண்டியவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாள். யாரோ சொல்லிக்கொடுத்து, தம்பி எல்லை தாண்டி மலேசியப் பக்கம் ஜொகூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கோர்ட் தாளை அவர் கையில் நேரில் கொடுக்க வேண்டும். கொடுக்க வந்த ஆள் பாசிர் ரிஸில் இருக்கும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டித் திரும்பினார். வழக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

நானும் சும்மா இருக்கவில்லை. மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். என் விரலை நசுக்கிவிட்டு ஓடி ஒளிகிறான் பார் என்று திட்டுவேன். அடுத்த நிமிடம், அவன் சந்தில் உட்கார்ந்து அழுதது கண்முன் வரும். எனக்கு விரலும் வேண்டும், அவளும் வேண்டும். ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவது என்று தெரியவில்லை.

இதற்கிடையே, கடையை மூடாமல் இருக்க, ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருந்தேன். அவள் புருவம் எடுப்பாள், நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், பக்கத்துக் கடைக்காரி வாசலைக் கடந்து தண்ணீர் பிடிக்கப் போனாள். வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன். அவள் புருவம் இரண்டும் புதர்போல் மண்டிக் கிடந்தன. நடுவில்கூட முளைத்து, இரண்டும் சேரப் பார்த்தன.

எங்கள் தெருவில் எங்கு திரும்பினாலும் ஒரு த்ரெட்டிங் கடை. எதிரில் ஒன்று, படிக்கட்டுக்குக் கீழே ஒன்று. இவளோ கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் முந்தின நாளே வந்து நாற்காலியைப் பிடிக்கிறவள். இத்தனை மாதமாக எந்தக் கடைக்கும் போகவில்லை. நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

லாயர் மறுபடி கூப்பிட்டார். நேரில் கொடுக்க முடியவில்லை என்றால், கோர்ட்டில் அனுமதி வாங்கி, தாளை அவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டிவிடலாம், அது கொடுத்ததற்குச் சமம் என்றார். சுலபமான வழிதான். எனக்கு அந்த வீடு தெரியும். பொதுத் தாழ்வாரத்தில், மின்தூக்கிக்கு நேர் எதிரே இருக்கிறது கதவு. அந்த அடுக்குமாடி புளோக்கில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவில் அவள் மாவிலைத் தோரணம் கட்டியிருப்பாள். அதன் கீழே அந்தத் தாளா?

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"ரொம்ப நாள் முடியாது ஆண்ட்டி. அப்புறம் உங்களுக்குத்தான் நஷ்டம்."

கடைக்கு வந்தேன். வேலைக்கு வைத்த பெண்ணைச் சாப்பிட அனுப்பிவிட்டு, தடுப்புப் பலகையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு. நீ பேச வேணாம், காதுல வாங்கிக்க. தாளை உங்க வீட்டுக் கதவுல ஒட்டப்போறாங்களாம். நான் வேணாம்னு சொல்லியிருக்கேன். ஆனா எத்தனை நாளைக்கு வேணாம்னு சொல்ல முடியும்? என்னால நூலு புடிக்க முடியல. பாத்ரூம் குழாயக்கூட ஒழுங்கா மூட முடியல. கையெழுத்து மாறிப்போச்சு. தம்பிய நான் குத்தம் சொல்லல. ஆனா எனக்கு என் விரலு வேணும்டி." கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அதை அவள் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷின் நின்றது. பிறகு மெதுவாக ஓட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை, வெளியே விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் நெருக்கித் தள்ளும் நேரத்தில், அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். பின்னால் அவர். இளைத்திருந்தார். கையில் ஜொகூரிலிருந்து வந்த பை அப்படியே இருந்தது.

"உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல நானே போய் நின்னு கூட்டிட்டு வந்தேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "உங்க லாயருக்குப் போன் போடுங்க. அந்தத் தாளக் கொடுக்கச் சொல்லுங்க. கதவுல ஒட்டுறதுக்கு நாங்க என்ன ஊர விட்டு ஓடுனவங்களா?"

ஓடினவர்தான். நான் லாயருக்குப் போன் போட்டேன்.

தாள் கொடுக்கிற ஆள் வரும்வரை தம்பி என் வாடிக்கையாளர் நாற்காலியில், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தன் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தே இருந்தார். பிறகு, "கையக் காட்டுங்கக்கா" என்றார். நீட்டினேன். விபத்துக்குப் பிறகு அவர் அதைப் பார்த்ததே இல்லை. தையல் தழும்பை ஒரு விரலால் தொட்டார். "இதுக்குத்தான் ஓடுனேன்" என்றார். "கோர்ட்டுக்குப் பயந்து இல்ல. இதப் பாக்கணுமேன்னு."

தாளை வாங்கினார். கொடுத்தவருக்கு நன்றி வேறு சொன்னார்.

தம்பி கிளம்பிப் போனதும், அவள் அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"எடுத்து விடுங்க. காடு மாதிரி கிடக்கு."

"என்னால முடியாதுடி. தெரியும்ல. அந்தப் பொண்ணு நல்லா எடுப்பா, அவளக் கூப்பிடுறேன்."

"அவ எதுக்கு?" என்றாள் எழுந்துகொண்டே. "உங்க விரலு சரியாகட்டும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

அதன் பிறகு எல்லாம் மெதுவாக, ஆனால் நேராக நடந்தன. என்னை மறுபடி ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "மாத்திரை கூடாது, பவுடர் கூடாது, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க" என்று லாயர் வாசல்வரை சொல்லி அனுப்பினார். வலித்தது, சொன்னேன். தீர்ப்பு வந்தது, அந்த அமைப்பு கொடுத்தது. இரண்டாவது அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். பல மாதம் கடையில் சும்மா உட்கார்ந்து எல்லார் உயிரையும் வாங்கினேன்.

அவள் பயந்ததும் நடந்தது. கொடுத்ததை அந்த அமைப்பு தம்பியிடம் கேட்டது. மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதாக ஒத்துக்கொண்டு, இன்றும் கட்டி வருகிறார். அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் மாதக் கடைசியில் அவள் மெஷின் வேகமாக ஓடும்போது எனக்குத் தெரியும். என் விரலுக்குத்தான் அவள் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன தீபாவளிக்குச் சில நாள் முன்பு, டாக்டர் வேலை செய்யலாம் என்று சொன்ன மறுநாள் காலை, அவள் கடையைக்கூடத் திறக்காமல் நேராக என் நாற்காலிக்கு வந்தாள். இமையை இழுத்துப் பிடித்தாள். நான் நூலைப் பல்லில் கடித்தேன். விரல் பிடித்தது, நழுவியது, மறுபடி பிடித்தது. அவள் பழையபடி திட்டுவாள் என்று காத்திருந்தேன். கண்ணிலிருந்து நீர் மட்டும் காதுவரை ஓடியது. புருவம் எடுக்கும்போது யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்தான்.

முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன். இடது புருவம் வில்லாக வந்திருந்தது. வலது புருவம் பாதி வழியில் கீழே இறங்கி, எங்கோ போய் முடிந்திருந்தது. இத்தனை வருடத் தொழிலில் நான் இப்படி ஒன்றை எடுத்ததில்லை.

"ஐயையோ... இருடி, அந்தப் பொண்ணச் சரிபண்ணச் சொல்றேன்."

"ஒருத்தரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்க் கடையைத் திறந்தாள்.

தீபாவளிக் கூட்டம். ரவிக்கை வாங்க வந்த பெண்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள், "என்னக்கா இது, எங்க எடுத்தீங்க?" என்று. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சண்டாளி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பக்கத்துக் கடையிலதான். எங்க அக்கா எடுத்தாங்க. நீங்களும் போங்க."